சாவிக்கொத்தும் கடவுச்சொல்லும்

2008-ல் நடந்தது. ஏற்காட்டில் எங்கள் அலுவலகத்தில் ஆறு கணினிகள். ஆறுக்கும் அட்மின் கடவுச்சொல் ஒன்றே. தலைமை எழுத்தர் என்பதால் அது என்னிடம் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் பேரனின் படங்கள் இருந்த பென் டிரைவைச் செருகினேன். மாலைக்குள் ஆறு கணினிகளும் முடங்கின. ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர், பென்ஷன் தாளுக்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மூன்று முறை பஸ்ஸில் மலையேறி வந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

சேலத்திலிருந்து வந்து சரிசெய்த இளைஞர், என் அட்மின் உரிமையை எடுத்துவிட்டார். "என்னைத் திருடன்னு நினைக்கிறீங்களா தம்பி?" என்றேன். "இல்லை சார். நீங்க திறக்கிற எந்த புரோகிராமும் உங்க அதிகாரத்தோடதான் ஓடும். வைரசும் அப்படித்தான்" என்றார்.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டுமே தர வேண்டும் என்பதை அமெரிக்காவில் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், நிறுவும்போது உருவாக்கும் கணக்குகள் எல்லாமே அட்மின் கணக்குகள். 2007-ல் வெளிவந்த விஸ்டாதான், பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் அனுமதி கேட்கத் தொடங்கியது. பலர் அதைத் தொல்லை என்று திட்டினார்கள்.

இதே விதி வலைப்பின்னலுக்கும் பொருந்தும். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்த செய்தி நினைவிருக்கும். செப்டம்பர் 4 அன்று அது தெரியவந்ததாக அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில்தான் அது புகுந்தது என்றும், முக்கியமான உள் வலைப்பின்னல் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றும் விளக்கியது. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குப் பரவாமல் சுவர் எழுப்புவது போலத்தான் இதுவும்.

எங்கள் மலையில் காப்பிக் கிடங்கின் சாவி எல்லோர் இடுப்பிலும் தொங்குவதில்லை. பழம் பறிக்கிறவர் அதை அவமானமாக நினைப்பதும் இல்லை. எனக்குத்தான் இது புரிய நாளாயிற்று.

இப்போது என் வீட்டுக் கணினியில் இரண்டு கணக்குகள். இதை எழுதுவது சாதாரணக் கணக்கில்தான். அட்மின் கடவுச்சொல் ஒரு தாளில் எழுதி பீரோவுக்குள் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறைகூட அதை எடுக்க வேண்டியிருப்பதில்லை.