கொலைகாரத் தேனீ என்றொரு பெயர்

சில பெயர்களை நாம் விசாரணையின்றி ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். ‘கொலைகாரத் தேனீ’ அத்தகையதொரு பெயர்.

ஐரோப்பியர் பிரேசிலுக்குக் கொண்டுசென்ற தேனீக்கள் சாதுவானவை. ஆனால் வெப்பநாட்டில் அவை செழிக்கவில்லை. 1956-இல் மரபியலாளர் வார்விக் கெர் ஆப்பிரிக்காவிலிருந்து ராணித் தேனீக்களைத் தருவித்தார். வெப்பத்தைத் தாங்கி மிகுதியாகத் தேன் தரும், அதேவேளை சாதுவான கலப்பினமொன்றை உருவாக்குவது அவர் நோக்கம். ரியோ கிளாரோ அருகே, ராணி வெளியேறாதபடி பெட்டிகளில் தடுப்புகள் பொருத்தப்பட்டிருந்தன. 1957-இல் அவை அகற்றப்பட்டுவிட, 26 கூட்டங்கள் பறந்துபோயின. 1990-இல் அவற்றின் வழித்தோன்றல்கள் டெக்சாஸை எட்டின. இடைப்பட்ட காலத்தில் மனிதரும் கால்நடைகளும் மாண்டது உண்மையே. பழி கெர் மீது விழுந்தது. ராணுவ ஆட்சியை எதிர்த்து 1964-இலும் 1969-இலும் கைதானவர் அவர்.

ஒற்றைக் கொடுக்கின் நஞ்சில் இவ்விரு இனங்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. கொட்ட வருவோரின் எண்ணிக்கையிலும் வேகத்திலும்தான் வேறுபாடு. கொட்டும் தேனீ ஐசோஅமைல் அசிடேட் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. நமக்கு அது வாழைப்பழ வாசனை; தேனீக்களுக்கோ போர்முரசு. அவ்வாசனை தேனீயின் மூளையில் செரோடோனின், டோபமைன் அளவுகளை உயர்த்துவதையும், அதனால் கொட்டும் நாட்டம் மிகுவதையும் 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு பிரேசில் ஆய்வாளர்கள், சீற்றங்கொண்ட தேனீக்களின் மூளையில் காணப்படும் சிறு புரதத் துணுக்குகளை இளம் தேனீக்களுக்குச் செலுத்தினர், அவையும் சீறின. 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. அபாய வாசனையை முகர்ந்தபின் ஐரோப்பியத் தேனீயின் மூளையில் மரபணுக்கள் இயங்கும் விதத்தின் சாயல், ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீயிடம் இயல்பாகவே தென்படுகிறது என்றது அது. எதிரிகள் மலிந்த நிலத்தில் பிழைத்த மூதாதையரின் எச்சரிக்கை, பேரப்பிள்ளைகளின் மூளையில் நிலைத்துவிட்டது எனலாம்.

அப்படியானால் சுபாவம் மாறாததா? 1994-இல் இத்தேனீக்கள் போர்ட்டோ ரிக்கோ தீவில் காணப்பட்டன. சில பத்தாண்டுகளுக்குள், ஆப்பிரிக்கக் கலப்பு மரபு குலையாமலேயே, அவை சாதுவாகிவிட்டன. மக்கள் நெருங்கி வாழும் சிறு தீவில், சீறிய கூடுகள் அழிக்கப்பட, அடங்கியவை பிழைத்திருக்கக்கூடும். கெர் விரும்பிய தேனீ, அவர் கை படாமலேயே உருவாகிவிட்டது!

பிரேசிலியரும் தங்கள் தேனீயோடு வாழக் கற்றனர். பெட்டிகளை வீடுகளுக்குத் தொலைவில் வைத்தனர். புகையை மிகுதியாகப் பயன்படுத்தினர். உலகெங்கும் தேனீக்களை அழிக்கும் வர்ரோவா உண்ணியை இவ்வினம் பெரிதும் தாங்கி நிற்கிறது. அந்நாட்டுத் தேன்தொழில் இன்று இதனை நம்பியே நடக்கிறது.

கெர் 2018-இல் மறைந்தார். அந்தப் பழைய பெயர் மட்டும் இன்னும் மறையவில்லை. அடுத்தமுறை அதை உச்சரிக்குமுன் நாம் சற்றே தயங்கினால் போதும்.