அடித்தள ஆங்கிலமும் வீட்டுத் தமிழும்

2008-ஆம் ஆண்டு. என் மகள் தில்லியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாலை ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு வந்து, "அப்பா, அசோகமித்திரன்னு ஒருத்தர் எழுதினது எங்களுக்குப் பாடமா வந்திருக்கு. அவர் தமிழரா? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது, உள்ளுக்குள் சுருக்கென்றும் இருந்தது.

அது என்.சி.இ.ஆர்.டி. 2007-ல் வெளியிட்ட 'ஃப்ளமிங்கோ'. சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் இரண்டு வகை. இலக்கியத்தில் ஆழ்ந்து போக விரும்புவோருக்கு 'எலெக்டிவ்'. டாக்டர், எஞ்சினீயர், ஆடிட்டர் என்று எந்தப் பக்கம் போனாலும் தேவைப்படும் மொழிப் பயிற்சிக்கு 'கோர்', அதாவது அடித்தள ஆங்கிலம். பத்தியைப் படித்துப் பொருள் கொள்வது, குறிப்பெடுப்பது, கடிதமும் அறிவிப்பும் எழுதுவது எல்லாம் இதில் வரும். "கோர்தானே!" என்று சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. அதன் வரலாறு தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

1952-ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் நம்மவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1953-ல் வந்த அறிக்கை, எல்லோருக்கும் பொதுவான அடித்தளப் பாடங்கள் என்றும், விருப்பப் பிரிவுகள் ஏழு என்றும் வகுத்தது. அடித்தளத்தில் முதலில் தாய்மொழி அல்லது வட்டார மொழி. அதோடு இன்னொரு மொழி. அந்தப் பட்டியலில் ஆங்கிலத்துக்கு இரண்டு படிகள்: முன்பு படிக்காதவருக்குத் தொடக்கநிலை, படித்தவருக்கு உயர்நிலை. பிறகு 1964-66 கோத்தாரி குழு ஆங்கிலத்தை 'நூலக மொழி'யாகக் கண்டது. அதாவது அறிவைத் தேடிப் போக ஒரு வாசல். 10+2 அமைப்பையும் அது பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ தொடங்கியது. சி.பி.எஸ்.இ.யில் அம்முறைப்படி முதல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 1979-ல் நடந்தது.

அந்த வாசலின் அருமை எனக்குத் தெரியும். தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, 1974-ல் பி.யூ.சி. சேர்ந்தேன். கெமிஸ்ட்ரி வகுப்பில் முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. பகுதி இரண்டு ஆங்கில வகுப்பில் சின்னச் சின்ன வாக்கியங்களை எழுதி எழுதித்தான் தப்பித்தேன். தில்லியில் கிடைத்த வேலையும் அதன் பலன்தான். ஆனால் எனக்குப் பகுதி ஒன்று தமிழாக இருந்தது. ஒரு காலை இதில் ஊன்றிக்கொண்டுதான் மறு காலை அதில் வைத்தேன்.

என் மகளுக்கு? அவள் பள்ளியில் தமிழ் கிடையாது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் சேர்த்திருக்கலாம்; தூரம் என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம். வீட்டில் பேச்சு உண்டு, எழுத்து இல்லை. 'ஃப்ளமிங்கோ'வில் ஜெமினி ஸ்டூடியோவின் ஒப்பனை அறையும் கொத்தமங்கலம் சுப்புவும் வருகிறார்கள். துணைப் புத்தகமான 'விஸ்டா'ஸில் பாமாவின் 'கருக்கு' நூலிலிருந்து ஒரு பகுதி. தமிழ் எழுத்தாளர்கள் என் வீட்டுக்குள் ஆங்கிலப் பாடமாக நுழைந்தார்கள். குறை பாடத்திட்டத்தில் இல்லை. முதலியார் குழு முதலில் வைத்த கல்லை நான்தான் உருவிவிட்டேன்.

அசோகமித்திரனே செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போல வெளியூர்த் தமிழர் என்று அவளிடம் சொன்னேன். "அப்படின்னா அவர் எப்படித் தமிழ் கத்துக்கிட்டார்?" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் '18வது அட்சக்கோடு' நாவலை எடுத்து மேசையில் வைத்தேன். அதுவும் செகந்திராபாத்தில் வளரும் ஒரு தமிழ்ப் பையனின் கதைதான்.

தேர்வு முடிந்த பின் தொடங்கினோம். எழுத்துக் கூட்டி, ஒரு ராத்திரிக்கு அரைப் பக்கம். முடிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. பரவாயில்லை. அடித்தளம் போடுகிற வேலை மெதுவாகத்தானே நடக்கும்!