ஆயாக்கொட்டகையின் பகல் தூக்கம்

என் மகளுக்கு ஏழு மாதம். அவளைச் சேர்க்கவிருந்த தாஸ்காவில் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: அங்கே ஸ்பிரிங் தொட்டில் கிடையாது, மெத்தையில் தானாகத் தூங்கப் பழக்கிவிட்டு அனுப்புங்கள். இரண்டு வாரம் அவகாசம். மனைவியின் சம்பளமில்லா விடுப்பும் அன்றோடு முடிகிறது. 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாளாகிவிட்டது, நல்ல விஷயம்தான். ஆனால் 99ஆம் நாளும் குழந்தைக்குத் தொட்டில் வேண்டுமே.

இரவில் எப்படியோ பழகிவிட்டாள். பகலில்தான் பாடு. இரவில் உடம்பில் தூக்கத்துக்கான அழுத்தம் சேர்ந்திருக்கும், இருட்டும் துணைக்கு வரும். காலை பத்து மணிக்கு இரண்டுமே இல்லை. விழிப்பாகவும் இல்லாமல் தூக்கமும் வராமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் குழந்தையை மெத்தையில் கிடத்திவிட்டு அறையை விட்டு வெளியே வருவது, நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத வேலை.

வழக்கம்போல வாசிக்க ஆரம்பித்தேன். குழந்தையை ஆட்டித் தூங்க வைக்கக்கூடாது என்பது பழைய உபதேசம். அமெரிக்க மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட் 1894லேயே தன் கையேட்டில் எழுதிவிட்டார். நியூசிலாந்தில் ட்ரூபி கிங் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கி, கடிகாரம் பார்த்துப் பால், கடிகாரம் பார்த்துத் தூக்கம் என்று ஒரு தலைமுறைத் தாய்மார்களையே பழக்கினார். 1928இல் ஜான் வாட்சன் பிள்ளைகளைக் கொஞ்சி முத்தமிடுவதே கெடுதல் என்றார். 1946இல் ஸ்போக் வந்து அம்மாக்களுக்குக் கொஞ்சம் தைரியம் சொன்னார். 1985இல் பாஸ்டனிலிருந்து ரிச்சர்ட் ஃபெர்பர், அழ விட்டு, இத்தனை நிமிடம் கழித்துப் போய்ப் பார், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தாமதித்துப் போ என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். நாங்கள் கையில் எடுத்தது அந்த அட்டவணையைத்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கூத்து, நம் பாட்டிகள் ஏணையில் போட்டுத் தாலாட்டினார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டியிடம் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"யாருடா தாலாட்டுனா? எனக்கு எங்க நேரம் இருந்துச்சு?"

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே மரத்தில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போகும் வழியில், தூங்கும் பிள்ளையைத் துணியோடு சுருட்டிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட வேண்டும். பலகைச் சுவர், தகரக் கூரை. உத்திரத்தில் வரிசையாகப் பழைய சேலைகளில் கட்டிய ஏணைகள். அவரவர் சேலையில் அவரவர் பிள்ளை. பார்த்துக்கொள்ள, மரம் வெட்டத் தெம்பில்லாமல் போன ஒரு கிழவி. இருபது பிள்ளைக்கு மேல் இருக்குமாம். இன்றைய தாஸ்கா விதிப்படி ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர். அந்தக் கிழவி ஏழு பேர் வேலை பார்த்திருக்கிறார்.

எப்படி முடிந்தது? நாலு ஏணைகளைச் சேர்த்து ஒரு கயிறு கட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுப்பாராம். கேட்டதும் எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான். ஸ்பிரிங் தொட்டிலின் வேகம் குழந்தையின் எடைக்கேற்ப மாறும், பிள்ளை வளர வளர ஆட்டம் மந்தமாகும். ஏணை ஊசல். அதன் ஆட்டத்துக்கு நீளம்தான் கணக்கு, எடை அல்ல. ஒன்றரை மீட்டரில் தொங்கினால் ஒரு முறை போய்வர ஏறக்குறைய இரண்டரை விநாடி, உள்ளே இருப்பது ஐந்து கிலோவோ பத்து கிலோவோ. அதனால்தான் நோஞ்சானையும் குண்டனையும் ஒரே கயிறு ஆட்டியிருக்கிறது. ஆயாவுக்குச் சூத்திரம் தெரியாது. இருபது பிள்ளை அழுதால் என்ன ஆகும் என்று தெரியும்.

வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பகலில் தூங்க வைப்பது உலகம் முழுக்க இருந்த பிரச்சினை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு காட்ஃப்ரே கார்டியல் என்ற அபின் கலந்த மருந்து கடையிலேயே கிடைத்தது. பம்பாய்ப் பஞ்சாலைத் தாய்மார்கள் அபினியைத் தொட்டு வைத்தது 1920களில் பதிவாகியிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் ஆயாவின் கயிறு எவ்வளவோ மேல். நம் நாட்டில் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. 1990இல் வந்த 446ஆம் சட்டத்தில், தொழிலாளர் வீடமைப்போடு சேர்த்து அதற்கும் இடம் உண்டு. தாய் ஓய்வெடுக்கட்டும் என்பதற்காக யாரும் கொட்டகை கட்டவில்லை, நிரை காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகக் கட்டினார்கள் என்பது என் எண்ணம். பிள்ளை சுதந்திரமாக வளரட்டும் என்று பேசும் புத்தகங்களுக்கும் தோட்டத்துப் பெரட்டுக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய தூரமில்லை.

"அப்பா தானா தூங்குவாரா பாட்டி?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தெரியாதுடா. வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அன்னிக்கும் துணி, வெறகுன்னு ஓடிரும். நான் பால் எடுத்து நிறுத்துட்டு வரும்போது முழிச்சுதான் இருப்பான். உங்கப்பன் பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல. ஆயா சொல்லும், இன்னிக்கி நல்லாத் தூங்குனான்னு. அவ்வளவுதான்."

நான் கேட்டிருக்கக் கூடாது.

பயிற்சியின் முதல் மூன்று நாள் மோசம். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தபடி கதவுக்கு வெளியே நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். பாட்டி தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுகை தொடங்கியதும் எழுந்து பின்கட்டுக்குப் போய், காய்ந்துபோன துணிகளையே மறுபடி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் மனைவி அட்டவணையை மடித்து வைத்துவிட்டாள். மெத்தைக்குப் பக்கத்தில் படுத்து, குழந்தையின் வயிற்றில் கையை மட்டும் வைத்தாள். அதன் பிறகு நாளுக்கு நாள் கையைக் கொஞ்சம் சீக்கிரம் எடுத்தோம். ஃபெர்பர் ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்தேகால். மெத்தையில் விட்டேன். ஒரு பக்கம் திரும்பினாள், கால் விரலைப் பிடித்தாள், ஏதோ முனகினாள், தூங்கிவிட்டாள். பதினோரு நிமிடம். வெளியே வந்து பாட்டியிடம் சைகை காட்டினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓசையில்லாமல் உள்ளே போய் மெத்தை ஓரம் தரையில் உட்கார்ந்தார். குழந்தை ஐம்பது நிமிடம் தூங்கியது. அவள் கண் விழிக்கும் வரை பாட்டி எழுந்திருக்கவில்லை.