பெட்டக அறையும் பதிவேடும்

கனடாவின் உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சாக் கூடங்களையும் மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌர் வட்டாரத்து அபினி வயல்களையும் யாரும் எளிதில் ஒரே தட்டில் வைப்பதில்லை. அங்கே பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், இங்கே 0.10 ஹெக்டேர், அதாவது கால் ஏக்கர் உழவர். ஆனாலும் இரு அரசுகளுக்கும் கவலை ஒன்றே. நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டிய பொருளுக்குக் கள்ளச் சந்தை கூடுதல் விலை தரக் காத்திருக்கிறது. அந்த வழியை எப்படி அடைப்பது?

கனடா முதலில் ஆழத்தை நம்பியது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம், மனிடோபா மாகாணத்தின் ஃபிளின் ஃபிளான் அருகே, செம்பும் துத்தநாகமும் எடுத்த சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதியில் செடிகளை வளர்த்தது. நிலத்துக்கு 300 மீட்டருக்கும் கீழே, பாறையே மதிலாக நின்றது. 2013-இல் தனியாருக்கு வழி திறந்தபோது பாறையின் இடத்தைக் கான்கிரீட்டும் எஃகும் பிடித்தன. ஒன்டாரியோவின் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஊரில் மூடிக் கிடந்த சாக்லேட் ஆலை ஒன்று கஞ்சாக் கூடமாக மாறியது. இருப்பில் உள்ள சரக்கின் கள்ளச் சந்தை மதிப்பையும் கூடம் அமைந்த இடத்தையும் கணக்கிட்டுப் பாதுகாப்பு நிலை வகுத்தார்கள். நிலை உயர உயரப் பெட்டக அறையின் சுவரும் தடித்தது.

நீமச்சில் சுவருக்கு இடமே இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் உழவர் பிற்பகலில் அபினிச் செடியின் காயைக் கீறுகிறார். கசியும் பால்தான் அபினி; அது இரவு முழுதும் காயின் மேலேயே உறைந்து நிற்கிறது. மறுநாள் காலையில்தான் அதை வழித்தெடுக்கிறார்கள். ஆக, சரக்கு மிக எளிதாகக் களவுபோகக் கூடிய நேரத்தில் அது திறந்த வெளியில், இருட்டில், எட்டும் உயரத்தில் இருக்கிறது. குடும்பமே வயலில் காவல் கிடக்கிறது. திருடன் மட்டுமல்ல எதிரி. கிளிகள் கூட்டமாக இறங்கிக் காயைக் கொத்திக்கொண்டு பறக்கின்றன. அவற்றுக்காக வலை கட்டுகிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள். கனடாவில் காற்று வடிகட்டிகள் கஞ்சாவின் மணமும் மகரந்தமும் வெளியேறாமல் பார்த்துக்கொள்கின்றன; நீமச்சில் வானம் உள்ளே இறங்காமல் தடுக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை வேற்றுமை. ஆனால் இரண்டு விதித் தொகுப்புகளையும் பொறுமையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இரண்டுமே வேலி தாண்டி வருபவனைவிட, சாவி வைத்திருப்பவனையே அதிகம் நினைத்து எழுதப்பட்டவை. கனடாவில் முக்கியப் பொறுப்பாளர்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும்; 2018-இன் விதிகள்படி சரக்கறைக்குள் யார் எப்போது போனார் என்பது பதிவாக வேண்டியிருந்தது, கேமராப் பதிவுகளை ஓராண்டாவது காக்க வேண்டியிருந்தது; சரக்கு காணாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கும் 10 நாளுக்குள் அமைச்சகத்துக்கும் சொல்ல வேண்டும். நீமச்சில் கேமராவின் இடத்தில் லம்பர்தார் இருக்கிறார். அவரும் அதே ஊர்க்காரர், பெரும்பாலும் தாமும் அபினி பயிரிடுபவர். அன்றன்று வழித்த அபினியை எடைபோட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் பொறுப்பு. ஏப்ரலில் மத்திய போதைப்பொருள் பணியகம் கொள்முதல் செய்யும்போது அந்த ஏடு சாட்சியாகிறது. போதாததற்கு, அபினியில் உள்ள மார்ஃபின் ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று அரசு வகுத்த குறைந்தபட்ச அளவு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு உரிமம் கைவிட்டுப் போகலாம். களவுக்கு எதிரான மதிலை இந்தியா ஓர் எண்ணுக்குள் கட்டி வைத்திருக்கிறது என்பேன்.

மதில் மட்டும் போதாது என்பதற்குக் கனடாவே சான்று. 2019-இல் ஒன்டாரியோவின் பெல்ஹாமில் கேன்டிரஸ்ட் நிறுவனம் உரிமம் வராத அறைகளில் பயிரிட்டிருந்தது தெரியவந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. அரசுக்குத் தகவல் தந்தவர் அங்கேயே வேலை பார்த்த ஒருவர். கேமராவும் வேலியும் வெளியாள் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளிருந்த மனிதரின் மனச்சாட்சி அந்த வேலையைச் செய்தது. லம்பர்தாரிடம் இந்தியா எதிர்பார்ப்பதும் அதையேதான்.

இன்னொரு வியப்பு, இரண்டும் நகரும் திசை. கனடா 2018-இல் பழைய பெட்டக அறைக் கட்டாயத்தைத் தளர்த்தி, திறந்த வெளிச் சாகுபடிக்கும் இடம் தந்தது. ஏறக்குறைய நீமச்சின் வயலை நோக்கி வந்துவிட்டது. இந்தியாவோ 2021-22 முதல் ஒரு பகுதி உழவருக்குக் காயைக் கீறாத முறையில் உரிமம் தருகிறது. பால் வெளியே வருவதே இல்லை. விதை நீக்கிய உலர்ந்த காய் அரசுக்குப் போகிறது, மார்ஃபினை ஆலை பிரித்தெடுக்கிறது. நம் அடுக்களைக்குக் கசகசாவாக வரும் அந்த விதை மட்டும் உழவர் கையில் தங்குகிறது. இருட்டில் காவல் கிடக்க வேண்டிய பொருளே வயலில் இல்லாமல் போவதைவிடச் சிறந்த காவல் ஏது? இந்த ஒரு விஷயத்தில் இந்திய வழி கனடாவின் எந்தச் சுவரையும்விட நுட்பமானது.

ஆனால் செலவு என்று வரும்போது தராசு சரிகிறது. கனடாவில் காவலின் விலை நிறுவனத்தின் முதலீட்டில் சேர்கிறது, மருந்தின் விலையில் திரும்பி வருகிறது. நீமச்சில் வலையும் விழிப்பும் உழவரின் தலையில் விழுகின்றன. கிளி கொத்திய காய்க்கும் அவரே கணக்குச் சொல்ல வேண்டும். காயைக் கீறும் முறை தொடரும்வரை, இரவுக் காவலின் கூலியையும் வலையின் விலையையும் கொள்முதல் விலையில் அரசு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.