மாரியப்பன் தங்கவேலு

மாரியப்பன் தங்கவேலு (பிறப்பு: 28 ஜூன் 1995) சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த உயரம் தாண்டுதல் வீரர். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர். 2016இல் ரியோ டி ஜெனிரோவில் அவர் வென்றது, தமிழ்நாட்டுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம்.

ஓமலூர் வட்டாரத்துப் பெரியவடகம்பட்டி அவருடைய ஊர். அவர் பிறந்தபோது சேலம் இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிய மாவட்டம். கொல்லிமலையும் அதற்குள்தான் இருந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது மலை அந்தப் பக்கம் போய்விட்டது. வல்வில் ஓரியின் மலை என்று சங்க காலம் தொட்டுப் பெயர் பெற்ற இடம் அது. வில்வீரன் பெயர் நிலைத்த அந்தப் பழைய சேலம் சீமையில், நம் காலத்தில் உலகம் அறிந்த தடகள வீரரைத் தேடினால் மாரியப்பன் பெயர்தான் முதலில் வரும்.

தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, தாய் சரோஜா தனியாகப் பிள்ளைகளை வளர்த்தார். முதலில் செங்கல் சுமந்தார், பிறகு காய்கறி விற்றார். ஒரு நாள் வருமானம் நூறு ரூபாய் அளவில் இருந்தது. மாரியப்பனுக்கு ஐந்து வயதானபோது, பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஒன்று அவருடைய வலது கால்மேல் ஏறியது. முழங்காலுக்குக் கீழே கால் நசுங்கி, அதன் வளர்ச்சி அத்தோடு நின்றது. மருத்துவத்துக்காக வாங்கிய மூன்று லட்சம் ரூபாய்க் கடன் பல ஆண்டுகள் அந்த வீட்டை அழுத்தியது.

பள்ளியில் அவருக்குப் பிடித்த ஆட்டம் கைப்பந்து. உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2013இல் தேசியப் பாரா தடகளப் போட்டியில் அவரைக் கவனித்த பயிற்சியாளர் சத்யநாராயணா, 2015இல் அவரைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டார். சேலத்துக் கல்லூரி ஒன்றில் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பை முடித்ததும் அந்தக் காலத்தில்தான். 2016 மார்ச்சில் துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டினார். ரியோவுக்குத் தகுதி பெற 1.60 மீட்டரே போதுமாயிருந்தது.

அந்த 1.78 எவ்வளவு பெரியது என்பது லண்டன் பாராலிம்பிக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். 2012இல் மாரியப்பனின் பிரிவிலேயே பிஜியின் இலியேசா டெலானா தங்கம் வென்றது 1.74 மீட்டரில். வெள்ளி வென்ற கர்நாடக வீரர் எச்.என். கிரிஷாவும் அதே உயரத்தைத்தான் தாண்டினார். தவறிய முயற்சிகளை எண்ணித்தான் இடம் பிரித்தார்கள். நான்கே ஆண்டுகளில், 2016 செப்டம்பர் 9 அன்று, மாரியப்பன் 1.89 மீட்டருக்கு மேல் போனார். அமெரிக்காவின் சாம் கிரூவும் இந்தியாவின் வருண் சிங் பாட்டியும் 1.86இல் நின்றுவிட்டார்கள். முரளிகாந்த் பேட்கர் (1972), தேவேந்திர ஜஜாரியா (2004) ஆகியோருக்குப் பின் பாராலிம்பிக் தங்கம் கண்ட இந்தியர் அவர். நிறைவு விழாவில் கொடி ஏந்தினார். முதலமைச்சர் ஜெயலலிதா இரண்டு கோடி ரூபாய் பரிசு அறிவித்தார். 2017இல் பத்மஸ்ரீயும் அர்ஜுனா விருதும், 2020இல் கேல் ரத்னாவும் வந்தன. அவருடைய வாழ்க்கையைப் படமாக்கப்போவதாக ஐஸ்வர்யா தனுஷ் அறிவித்ததும் அந்தப் பரபரப்பின் தொடர்ச்சிதான்.

2018இல் பாரா தடகளப் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டன. செயற்கைக் கால் அணிவோருக்கு டி61 முதல் 64 வரை புதிய எண்கள் வந்தன. மாரியப்பனைப் போல அணியாதோர் டி42 என்ற பழைய எண்ணிலேயே நீடித்தனர். ஆனால் உயரம் தாண்டுதலில் டி42, டி63 ஆகிய இரு பிரிவினரும் ஒரே களத்தில்தான் மோதுகிறார்கள். பதக்கப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் டி63 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

தங்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவ்வளவு எளிதாக இல்லை. 2019 துபாய் உலகப் போட்டியில் 1.80 மீட்டருடன் வெண்கலமே கிடைத்தது. கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போன டோக்கியோ போட்டியில் தொடக்க விழாக் கொடி அவர் கைக்கு வரவேண்டியது; தொற்று உறுதியான ஒருவருக்கு அருகில் இருந்தார் என்று தனிமைப்படுத்தப்பட்டதால், குண்டு எறிதல் வீரர் தேக் சந்த் ஏந்தினார். ஆகஸ்ட் 31 அன்று இறுதிப்போட்டியில் மழை. ஊனமுற்ற காலில் போட்டிருந்த காலுறை நனைந்ததால் தாண்டுவது கடினமாகிவிட்டது என்றும், இல்லையேல் தங்கம் கிடைத்திருக்கும் என்றும் பிறகு சொன்னார். 1.86ஐத் தாண்டியவர் 1.88இல் தவறினார், அதைத் தாண்டிய கிரூ தங்கத்தை எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு இறுதியில் தமிழ்நாடு அரசு அவருக்குத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணி வழங்கியது.

2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது அவருக்கு 29 வயது நெருங்கியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85 மீட்டருக்கு வெண்கலம்.

ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று வரிசையாக எழுதினால் படிப்படியான சரிவு போலத் தெரியும். உயரங்களை எழுதிப் பார்த்தால் கதை வேறு: 1.89, 1.86, 1.85. எட்டு ஆண்டுகளில் குறைந்தது நான்கே சென்டிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை. லண்டனில் இந்த மூன்றில் எதுவும் தங்கம் வாங்கியிருக்கும். மாறியது களம்தான். பாரிஸில் வெள்ளி வென்ற இந்திய வீரர் சரத் குமார் 1.88 தாண்டினார். தங்கம் வென்ற அமெரிக்கரான எஸ்ரா ஃபிரெக், இடது காலில் செயற்கைக் காலுடன் 1.94ஐத் தாண்டினார். ரியோவில் மாரியப்பன் 1.89 தாண்டிய நாளில் ஃபிரெக்குக்கு வயது 11.