மகரக்கட்டுக் காலத்துச் சோறு
தொடக்க நடிகன் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் ஊர் குத்தாலம். அருவி விழுகிற குற்றாலம் இல்லை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், காவிரிக் கரையில், தேவாரம் திருத்துருத்தி என்று பாடுகிற ஊர். போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கூடப் படித்த நண்பனின் அக்கா மகன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். பிளஸ் டூ முடித்தவன். "மாமா, நடிக்கணும். யாரப் பாக்கணும்?" என்றான். எம்.ஏ. தமிழ் படித்து நாடகம் பற்றி நாலு கட்டுரை எழுதியவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டான் போல. எனக்குப் பதில் வரவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே காவிரிக் கரையில் ஒரு பையன் நடிகனாவதற்கு யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை, வீட்டில் சோறு இல்லாமலிருந்தால் போதும் என்று மட்டும் தோன்றியது. கொஞ்சம் மிகைதான். ஆனால் மிகையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது.

தமிழில் நவீன நடிகன் இரண்டு வாசல் வழியாக வந்தான். ஒன்று, பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையின் வாசல். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பகலில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஒத்திகைக்கு வந்தார்கள். அவர்களுக்கு நடிப்பு கலை. சாப்பாடு வேறு இடத்திலிருந்து வந்தது. மற்றொன்று பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918-இல் மதுரையில் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. ராஜபார்ட்டுகளும் ஸ்திரீபார்ட்டுகளும் சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார் என்பார்கள். பெரியவர்களின் உடல் ஏற்கெனவே பழகிப்போனது. சிறுவனின் உடல் வளைக்கத் தோதானது, அதைவிட முக்கியம், மலிவானது.

கும்பகோணத்தில், கணவனை இழந்த தாயின் வறுமையில், ஆனையடிப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர்கள் எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணன் சக்ரபாணியும். திருச்சி சங்கிலியாண்டபுரத்துப் பையனான கணேசன், தான் ஒரு அநாதை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்ததைப் பின்னாளில் தானே சொல்லியிருக்கிறார். இந்தப் பொய்யை நாம் வேடிக்கைக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். கம்பெனியில் நுழைவதற்கு அநாதை என்பது ஒரு தகுதியாக இருந்தது என்பதுதான் அதற்குள் இருக்கும் வரலாறு. கேட்க ஆளில்லாத பையன் பாதியில் ஓடமாட்டான், வீட்டிலிருந்து வந்து யாரும் கூட்டிக்கொண்டும் போகமாட்டார்கள்.

உள்ளே போனால் கம்பெனி வீடு. பந்தியில் சோறு. ஹார்மோனியத்தோடு குரல் பழக்கம், வாத்தியாரிடம் பாடம், ராத்திரி கொட்டகையில் நாடகம். பள்ளிக்கூடம், படைமுகாம், சிறை ஆகியவை உடலை எப்படிப் பழக்குகின்றன என்று ஃபூக்கோ எழுதியதைப் படிக்கும்போது எனக்குக் கம்பெனி வீடுதான் ஞாபகம் வரும். ஆனால் ஃபூக்கோவை வைத்துக்கொண்டு மட்டும் இதை முடித்துவிட முடியாது. அந்தப் பையன்கள் அடியையும் வாங்கினார்கள், தமிழையும் வாங்கினார்கள். வெண்பாவும் சந்தமும் பள்ளிக்கூடம் போகாத வாயில் ஏறியது அங்கேதான். அதிகாரமும் கல்வியும் ஒரே இலையில் பரிமாறப்பட்டன.

இந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்பதற்குக் கம்பெனி மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது: மகரக்கட்டு. பதின்வயதில் குரல் உடைவது. மைக் இல்லாத கொட்டகையில் பாட்டுத்தான் நாடகம். குரல் போன பையனுக்கு வேஷம் போயிற்று. ராஜபார்ட்டாக நின்ற பி.யு. சின்னப்பா குரல் உடைந்து கம்பெனியை விட்டார். சங்கீதமும் தேகப்பயிற்சியும் பழகித் திரும்பி வந்து, 1940-இல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் போட்டார். எம்.ஜி.ஆர். 1936-இல் 'சதி லீலாவதி'யில் சின்ன வேஷத்தில் தலைகாட்டி, 1947-இல் 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாவதற்குப் பதினோரு வருஷம் ஆனது.

இவர்கள் திரும்பி வந்தவர்கள். நம்மிடம் இருக்கும் பிரதிகள், சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' உட்பட, கரையேறியவர்கள் எழுதியவை. மகரக்கட்டில் போனவன் தன்வரலாறு எழுதவில்லை. ஹோட்டலில் இலை எடுத்தானா, ஊருக்குத் திரும்பி நாற்றுக்கட்டு சுமந்தானா, தெரியாது. 'கஷ்டப்பட்டான், முன்னுக்கு வந்தான்' என்கிற கதையாடல் நிற்பதே இந்த மௌனத்தின் மேல்தான்.

இன்னொரு மௌனமும் உண்டு. கம்பெனியில் சேர்வதற்கே ஒரு குறைந்தபட்சச் சுதந்திரம் வேண்டும். தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளின் பிள்ளை நடக்கத் தெரிந்ததும் மிராசுதாரின் மாட்டுக்குப் பின்னால் போனான். அவனுடைய பசிக்கு ஏற்கெனவே ஒரு முதலாளி இருந்தான். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இங்கே வந்ததே 1952-இல், 'பராசக்தி' வெளியான அதே வருஷம். பசி நடிகனை உண்டாக்கியது என்று மேலே சொன்னேன். எல்லாப் பசியும் அப்படி உண்டாக்கிவிடவில்லை.

ஆக, தொடக்க நடிகனின் வரலாறு என்பது ஒரு கேள்வியின் வரலாறு: கற்றுக்கொள்ளும் காலத்துக்கு யார் சோறு போடுவது? சபாக்காரருக்கு அவருடைய உத்தியோகம் போட்டது. பாய்ஸ் கம்பெனி போட்டது, விலையாகக் குழந்தைப் பருவத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்துப் புஞ்சை கிராமத்துக்காரரான ந. முத்துசாமி சென்னையில் 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நல்கைப் பணம் கிடைத்த காலத்தில், நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரமாகப் பழக வைத்தது. பசுபதியும் கலைராணியும் அங்கே உருவானவர்கள். குழந்தைப் பருவத்தைக் கேட்காமல் சோறு போட்ட இடம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் நல்கையை நம்பிய அடுப்பு எத்தனை நாளைக்கு எரியும்?

இப்போது கணக்கு தலைகீழ். இந்தப் பையனின் மாமா, அதாவது என் நண்பன், இருபது வயதில் சென்னைக்குப் போனான். வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவர் ஆல்பம் போடச் சொன்னார், பயிற்சிக் கட்டணம் என்றார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. வாய்ப்பு வரவில்லை, சங்கிலியும் திரும்பவில்லை. கம்பெனி பையனின் உழைப்பைத் தின்றது, ஆனால் சோறு போட்டது. இங்கே சோறும் நம்முடையது, கூலியும் நாம்தான் கொடுக்கவேண்டும். அவன் இன்று கல்யாணச் சமையலுக்குப் போகிறான். மகரக்கட்டில் போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேனே, ஒருவனை எனக்குத் தெரியும்.

பையன் இன்னும் உட்கார்ந்திருந்தான். "யாரப் பாக்கறதுங்கிறத அப்புறம் பாப்போம். மூணு வருஷம் யாரு சோறு போடுவா, அத மொதல்ல யோசிச்சியாடா?" என்றேன். "மாமாவும் இதத்தான் கேட்டாரு" என்றான்.