எந்தத் தலைப்பில் தேடுவது?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேவைச் சீட்டை நீட்டியதும் வந்த முதல் கேள்வி: "எந்த டிபார்ட்மென்ட் சார்?" மதுரை ஜில்லா, பெருங்காமநல்லூர், 1920 ஏப்ரல் 3, போலீஸ் துப்பாக்கிச் சூடு என்று எழுதியிருந்தேன். ஊரும் தேதியும் இருந்தன, துறை இல்லை. துறை தெரியாத சீட்டுக்குக் கட்டு வராது.

உசிலம்பட்டி, சேடப்பட்டிப் பக்கம் இந்தச் சம்பவத்துக்குத் தேதி சொல்லவே வேண்டாம். 'ரேகைச் சட்டம்' என்றால் போதும். கைரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே நின்றது, போலீஸ் சுட்டது, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் மாயக்காள் என்று ஊர் சொல்கிறது. பிணங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்ததாகவும் சொல்கிறது. என் கேள்வி வேறு. இப்படியொரு நாளைப் போலீஸ் தன் தாளில் என்னவென்று எழுதிக்கொண்டது?

முதலில் நினைத்தது காவல் நிலையத்தை. அன்றாடம் நடப்பதெல்லாம் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் ஏறும். ஆனால் அந்த நாட்குறிப்புகளைக் கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். நூறு வருடத்துக்கு முந்தையதைத் தேடுவதில் பொருளில்லை. ஆகவே மேலிடத்துக்குப் போன அறிக்கைகள்தான் மிச்சம். அரசாணைகளின் வருடாந்தர அட்டவணைகளில் 'போலீஸ்' பார்த்தேன், 'கலகம்' பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பிற ஊர்களின் சண்டைகள்.

வழியைத் திருப்பியது ஒரு வக்கீலின் பெயர். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப், இந்த ரேகைச் சட்டத்துக்கு எதிராக அந்தப் பக்கத்துக் கள்ளர் சமூகத்துக்காக வாதாடியவர். அவரை 'ரோசாப்பூ துரை' என்று இன்னும் சொல்கிறார்கள். அவர் எதை எதிர்த்தாரோ அந்தச் சட்டத்தின் பெயரில் தேடினால் என்ன? அட்டவணையில் 'குற்றப் பரம்பரை' என்ற தலைப்புக்குப் போனேன். அதன் கீழே 'கள்ளர்'. தேடிய தடம், துறையோடு, அங்கே இருந்தது.

அந்த இரண்டு சொற்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் செத்ததைத் தேடிப் போனவனுக்கு, மனிதரைப் பதிவு செய்யும் வேலையின் அலமாரியில் அல்லவா வழி திறந்தது! பிறகுதான் ஊர் 'ரேகைச் சட்டம்' என்கிற குற்றப் பரம்பரைச் சட்டத்தையே வரிவரியாகப் படித்தேன். வடக்கே 1871-ல் தொடங்கியது. 1911-ன் மூன்றாம் சட்டமாகத் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. 1918-ல் பிறமலைக் கள்ளர் எல்லோர் மீதும் விரிந்தது. அரசு ஒரு சமூகத்தை அறிவித்தால் போதும், ஆள் திருடினானா என்று யாரும் நிரூபிக்க வேண்டாம். பேர் பதிய வேண்டும், ரேகை வைக்க வேண்டும், சொன்ன நேரத்தில் கச்சேரியில் ஆஜராக வேண்டும். ராத்திரி அங்கேயே படுத்து எழுந்த கதைகள் அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றும் சட்டமே எழுதி வைத்திருந்தது. ஜார்ஜ் ஜோசப் எவ்வளவு பெரிய சுவரில் முட்டினார் என்பது இந்த ஒரு விதியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அப்படியானால், மறுக்கிற ஊரைப் போலீஸ் என்ன செய்ய முடியும்? மறுப்பைக் காது கொடுத்துக் கேட்க ஏற்பாடு எதுவும் இல்லை. கலகத்தை அடக்க இருந்தது. 1898-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, பொது அமைதி கெடும் என்று தோன்றினால் ஐந்து பேர் கூடியிருந்தாலே கலையச் சொல்லலாம். கலையாவிட்டால் பலாத்காரமாகக் கலைக்கலாம். பெருங்காமநல்லூரில் கூடியது ஊர். கூட்டம் தாக்கியது, தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது அரசுத் தரப்பு. அந்தத் தரப்புக்குச் சம்பவம் அன்று காலையில் தொடங்குகிறது. ஊருக்கோ அது மை தொட்ட பெருவிரலில் தொடங்கியது, சில வருடம் முன்பே. இரண்டு தொடக்கங்களையும் ஒரே கட்டில் வைத்துப் பார்க்காத எந்த விசாரணையையும் நான் முழு விசாரணையாக ஏற்கமாட்டேன்.

விசாரணை என்றதும் அமிர்தசரஸ் நினைவுக்கு வருகிறது. ஜாலியன்வாலாபாக் நடந்தது 1919 ஏப்ரல் 13. ஒரு வருடம்கூட ஆகாத இடைவெளி. அங்கே ஹண்டர் கமிட்டி உட்கார்ந்தது, சுட உத்தரவிட்ட டயரைக் கூப்பிட்டுக் கேட்டது, 379 பேர் செத்தார்கள் என்று அரசே கணக்குச் சொன்னது. பெருங்காமநல்லூருக்கு அப்படியொரு கமிட்டி வாய்க்கவில்லை. தூத்துக்குடியில் 2018 மே 22-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அமைந்ததால்தான், நாளைய ஆராய்ச்சியாளனுக்குப் போலீஸ் சொன்னதும் கிடைக்கும், சுடப்பட்டவர்களின் குடும்பம் சொன்னதும் கிடைக்கும்.

பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920-ல் கள்ளர் சீரமைப்புத் திட்டமும் தொடங்கியது. பள்ளிகள் வந்தன, கள்ளர் பள்ளிகள் என்றே பெயர் பெற்றன. சென்னை மாகாணம் 1947-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியது. ஐந்து பேர் விதி மட்டும் போகவில்லை. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 148-ம் பிரிவாக அது இருக்கிறது.

பெருங்காமநல்லூர் நினைவுத் தூணில் செத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை என் நோட்டில் எழுதிக்கொண்டு மறுபடியும் எழும்பூர் போனேன். இந்த முறை சீட்டில் துறையை முதலில் எழுதினேன். அடுத்த வரியில் மாயக்காள் என்று எழுதினேன்.